அரிவரி வகுப்பும் எண்ணும் எழுத்தும்

சென்ற விசயதசமி நாளிலே எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஏடு தொடக்கும் வைபவம் நிகழ்ந்தது. தாம்பாளத்திலே பரப்பிய பச்சையரிசியில், குழந்தைகளின் சுட்டுவிரலைப் பிடித்து ‘அ’ என எழுதுவிக்கும் பணி எனக்குக் கிடைத்தது. சில குழந்தைகள் அழுதன. சில அரிசியை அள்ளி வாயிலிட்டன. ஒரு குழந்தை நான் பிடித்த விரலை உதறிவிட்டுத் தானே ஒரு வட்டம் வரைந்தது. எல்லாம் முடிந்து எழ முற்படுகையில் ஒரு தாய் தன் மகனைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்.

“ஐயா, இவன் எழுத்தெல்லாம் எழுதுவான். நூறு மட்டும் நிக்காமல் சொல்லுவான். தை மாதம் பள்ளிக்கூடத்திலை சேர்க்கப் போறம். இவ்வளவும் காணுமோ?”

பையன் கேளாமலே தொடங்கிவிட்டான். ஒன்று முதல் நூறு வரை ஒரே மூச்சில், ஏறக்குறைய ஒரே சொல்லாகச் சொல்லி முடித்தான். நான் அவனை மெச்சினேன். பின்பு பக்கத்திலிருந்த பூக்கடகத்தைக் காட்டி, “ராசா, எனக்கு ஏழு செவ்வரத்தம்பூ எடுத்துத் தா” என்றேன். அவன் ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தபடி எண்ணினான். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது... ஏழிலே அவன் நிற்கவில்லை. பத்தொன்பது வரை போனான். கடகத்திலே பூ முடிந்தபடியால் நிறுத்தினான். தாயின் முகம் வாடிற்று.

பையனிடத்திலே குறையில்லை, தாயிடத்திலும் குறையில்லை. ஆயினும் ‘காணுமோ’ என்ற அந்த வினா என்னைப் பின்தொடர்ந்தது. எங்கள் முன்னோர் அரிவரி வகுப்பென்றும் பாலர் வகுப்பென்றும் அழைத்த அந்த முதற்படியிலே, ஐந்து வயதுக் குழந்தை எண்ணிலும் எழுத்திலும் அறிய வேண்டுவது யாது? எவ்வளவு அறிந்தால் காணும்? இக்கட்டுரை அவ்வினாவுக்கு நான் தேடிய விடை. அதில் ஒரு பகுதி, என் சொந்தப் பிழையொன்றினின்று நான் பெற்ற பாடம்.

சொல்வது நூறு, கொடுப்பது ஏழு

நம் மரபிலே எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கூறிய ஔவையும் வள்ளுவரும் எண்ணையே முதலில் வைத்தனர். செய்யுள் நோக்கி அமைந்த ஒழுங்கென்று அதனைக் கொள்ளலாம். ஆயின் குழந்தையின் வாழ்விலும் அதுவே ஒழுங்கு. எழுத்தைக் காணுமுன்னரே குழந்தை ‘இன்னும் ஒன்று’ என்று கேட்கிறது. தம்பிக்குக் கிடைத்தது தனக்குக் கிடைத்ததிலும் கூட என்று வழக்கிடுகிறது.

எண்ணுப்பெயர்களை வரிசையாகச் சொல்வது வேறு, எண்ணுதல் வேறு. 1978இல் ஜெல்மன், கலிஸ்டல் என்னும் ஆய்வாளர் இருவர் குழந்தையின் எண்ணறிவைப்பற்றி எழுதிய நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்கினர். ஒரு பொருளுக்கு ஒரு பெயரே சொல்லல் வேண்டும். பெயர்களின் வரிசை மாறலாகாது. இறுதியிற் சொன்ன பெயரே அக்கூட்டத்தின் தொகை. எண்ணப்படுவது எதுவாயினும் ஆகலாம். எந்தப் பொருளில் தொடங்கினும் தொகை ஒன்றே. இவ்வைந்தும் கூடியவிடத்தே எண்ணறிவு பிறக்கிறது. கோயிலிலே நான் கண்ட பையனுக்கு முதலிரண்டும் கைவந்திருந்தன. மூன்றாவது இன்னும் வாய்க்கவில்லை. ‘ஏழு’ என்பது அவனுக்கு ஆறுக்குப் பின்வரும் ஓர் ஓசை. ஏழு பூக்களின் பெயரன்று.

அமெரிக்காவிலே 2010இல் வெளியாகிப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட பொதுக் கல்வி நியமங்களை ஒருமுறை படித்தேன். அவை பாலர் வகுப்பிலே குழந்தை ஒன்றொன்றாகவும் பத்துப் பத்தாகவும் நூறு வரை சொல்ல வேண்டும் என்கின்றன. ஆயின் பொருள்களை எண்ணித் தொகை கூறுதற்கு வரம்பு வரிசையாக வைத்த இருபது. சிதறிக் கிடப்பவையாயின் பத்தே. கூட்டலும் கழித்தலும் தடையின்றி வர வேண்டுவது ஐந்துக்குள்ளே மட்டும். வாய் நூறு வரை ஓடலாம். கை இருபது வரை வந்தாற் போதும் என்பது அதன் கருத்து. நம் வீடுகளிலோ வாயின் ஓட்டத்தை மட்டும் அளந்து, கையை மறந்துவிடுகிறோம்.

இவ்விடத்திலே தமிழ்க் குழந்தைக்கு ஒரு நற்பேறும் ஓர் இடர்ப்பாடும் உண்டு. பதினொன்று என்ற சொல்லிலே பத்தும் ஒன்றும் வெளிப்படையாக நிற்கின்றன. ஆங்கிலத்தின் ‘இலெவன்’, ‘ருவெல்வ்’ என்பவற்றிலே பத்து மறைந்து கிடக்கிறது. இது நற்பேறு. இடர்ப்பாடு ஒன்பதிலே வருகிறது. இருபது, முப்பது, எண்பது என்று வந்த ஒழுங்கு திடீரெனத் ‘தொண்ணூறு’ ஆகிறது. நூறே வராதவிடத்தில் நூறு ஒலிக்கிறது. அவ்வாறே தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆதற்குத் தொல்காப்பியமும் நன்னூலும் தனி விதி வகுத்தன. ஒன்பதுக்குத் தொண்டு என்ற பழம்பெயர் இருந்ததனால் அச்சொற்கள் பிறந்தன என்பாரும் உளர். இலக்கண ஆசிரியர்களே தனிச்சூத்திரம் செய்ய வேண்டியிருந்த இடத்தில் ஐந்து வயதுக் குழந்தை தடுக்கி விழுந்தால் நாம் ஏன் வியக்க வேண்டும்? எண்பத்தொன்பதுக்குப் பின் ஒரு குழந்தை தயங்கி நின்றால், அது சொல்லை மறந்ததனாலன்று, ஒழுங்கை உணர்ந்ததனால்.

மணலும் விரலும்

பழைய திண்ணைப் பள்ளியைப் பழிப்பாரும் உளர். பொற்காலமென்று புகழ்வாரும் உளர். இரண்டும் முழு உண்மையல்ல. அங்கே எண்சுவடி என்னும் பெயரால் பிள்ளைகள் கீழ்வாயிலக்கங்களை மனனஞ் செய்தனர். காலும் அரையும் முக்காலும் மட்டுமல்ல. பதினாறில் ஒன்றாகிய மாகாணி, இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி வரை ஒப்பித்தனர். நிலமும் நெல்லும் பொன்னும் அளந்த சமுதாயத்துக்கு அது வேண்டியதாயிற்று. ஆயின் பொருள் விளங்காது பிரம்புக்கு அஞ்சி ஒப்பித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எந்தச் சுவடியும் சொல்லாது.

அத்திண்ணைக்கு ஒரு பெருமை உண்டு; அது மணல். பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வருமுன் பிள்ளை மணலிலே விரலால் எழுதிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையாளராயிருந்த அந்திரு பெல் என்பவர், நம் நாட்டுப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் விடுதியிற் கைக்கொண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையும் அவர் கையிலே வளர்ந்தது. 1797இல் அவர் எழுதிய நூலால் அம்முறை இங்கிலாந்திலே பரவிச் ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது. 1907இல் உரோமாபுரியிலே தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மொண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவவைத்துக் கற்பித்தார். விரல் அறிந்ததைக் கண் எளிதில் மறவாது என்ற உண்மை மணலுக்கும் அத்தாளுக்கும் பொது. மணலுக்கு மேலும் ஒரு நன்மை: பிழை அதில் நிலைப்பதில்லை. உள்ளங்கையால் ஒருமுறை தடவினாற் போதும். சிவப்பு மையாற் கொப்பியிலே போட்ட பிழைக்குறி அவ்வாறு அழிவதில்லை.

காது முந்தியது, கண் பிந்தியது

எழுத்துக்கு வருவோம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று. ஆக இருநூற்று நாற்பத்தேழு. இத்தொகையைக் கேட்ட தாய்மார் திகைக்கின்றனர். திகைக்க வேண்டுவதில்லை. உயிர்மெய்கள் தனித்தனி எழுத்துக்களல்ல. அரவும் கொம்பும் போன்ற சில குறிகள் மெய்யோடு கூடிப் பிறப்பன. உகர ஊகார வரிசைகள் மட்டும் ஒரே குறிக்கு அடங்காமல் வேறுவேறு வடிவெடுக்கும். அவற்றுக்குப் பொறுமை வேண்டும். ஏனையவற்றுக்கு ஒழுங்கு விளங்கினாற் போதும்.

எழுத்தின் வைப்புமுறை வேறு, கற்பிக்கும் முறை வேறு. ‘அ’ நெடுங்கணக்கின் தலையாய எழுத்து. ஆயின் வளைவும் சுழியும் கூடிய அதன் வடிவம் சிறு விரலுக்கு அரிது. ‘ட’, ‘ப’ என்பவை நேர்கோடுகள். ‘ம’ சிறிதே வளைவது. இம்மூன்றையும் புள்ளியையும் அறிந்த அன்றே குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் என்று எழுதிவிடும். சொல்லை எழுதிய மகிழ்ச்சி, எழுத்தை எழுதிய மகிழ்ச்சியினும் பெரிது. ஏடு தொடக்குகையில் ‘அ’ எழுதட்டும், அது வழிபாடு. வகுப்பிலே பட்டத்தோடு தொடங்கட்டும், அது கல்வி.

அதற்கும் முன்னே ஒரு படி உண்டு, அது செவி. கடல், மடல், உடல், திடல் என்று நாம் சொல்ல, குழந்தை ‘படல்’ என்று தானே ஒன்று கூட்டுமாயின், எழுத்தறிவின் வாயில் திறந்துவிட்டது. மேனாட்டார் இதனை ஒலியுணர்வு என்று இன்று ஆராய்கின்றனர். நம் யாப்பிலக்கணம் இதனையே எதுகை என்றும் மோனை என்றும் சொல்லிற்று. தாலாட்டும் விடுகதையும் கேட்டு வளர்ந்த குழந்தை பள்ளிக்கு வெறுங்கையுடன் வருவதில்லை. செவி நிறைய வருகிறது. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், படிப்படியாக உயரும் பாலபாடங்களை எழுதியளித்தார். எளியது முன்னும் அரியது பின்னுமாகச் செல்லும் அப்படிமுறை இன்றும் ஆசிரியர்க்கு வழிகாட்டி.

இனிக் குழந்தையின் எழுத்துப் பிழைகளைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக் குழந்தை ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றெழுதும். நம் பேச்சிலே ழகரம் ளகரமாய் மாறிவிட்டது. குழந்தை கேட்டதை எழுதிற்று. ‘மூன்று’ என்பதை ‘மூண்டு’ என்றெழுதும். வீட்டிலே நாம் அப்படித்தானே சொல்லுகிறோம்? ‘கெ’ என்பதில் கொம்பைக் ககரத்துக்குப் பின்னே போடும். செவியில் முதலில் விழுவது ககரம், பின்னரே எகரம். கேட்ட ஒழுங்கில் அது எழுதிற்று. முன்னே போடுவது நம் எழுத்து வழக்கு. குழந்தைக்கு அது புதிது. இவை அறியாமையின் அடையாளமல்ல, செவியின் கூர்மைக்குச் சான்று. திருத்த வேண்டும், ஐயமில்லை. ஆயின் திருத்துமுன் வாசிக்க வேண்டும்.

இருபத்து மூன்று

இதனை நான் கற்றது எந்தக் கலாசாலையிலும் அன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே இடம்பெயர்ந்ததை இப்பகுதியிலே மறந்தவர் இலர். நான் அப்பொழுது இளம் ஆசிரியன். தென்மராட்சியிலே ஒரு வீட்டில் ஒண்டியிருந்தோம். அவ்வீட்டிலே நாங்கள் இருபத்து மூன்று பேர். அடுத்த தை மாதத்திலே, இடம்பெயர்ந்து வந்த சிறு பிள்ளைகளுக்கு ஒரு மாமரத்தின் கீழ் வகுப்புத் தொடங்கினோம். கொப்பி இல்லை, சிலேற்று இல்லை. மணல் இருந்தது.

ஒரு நாள் ‘இருபத்து மூன்று’ என்று எழுதச் சொன்னேன். அவ்வெண்ணே அந்நாளில் என் மனத்தில் நின்றது. ஆறு வயதுப் பையன் ஒருவன் மணலிலே 203 என்று எழுதியிருந்தான். முன்னைய நாளும் சொல்லிக் கொடுத்தது. எனக்குச் சினம் வந்தது. அவ்வெண்ணைக் காலால் அழித்தேன். “மொக்கன்” என்றேன். கையிலிருந்த தடியால் அவன் விரல்களில் ஓர் அடியும் வைத்தேன். அவன் அழவில்லை. அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள், வீதியோரத்திலே ஓர் ஆச்சி சாக்கை விரித்துப் பனங்கிழங்கு விற்பதைக் கண்டேன். பக்கத்திலே அந்தப் பையன் கிழங்குகளைப் பத்துப் பத்தாக அடுக்கி நாரினாற் கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் ஆளுக்கொன்றாக வாங்க எண்ணி, “ஆச்சி, இருபத்து மூன்று கிழங்கு தாருங்கோ” என்றேன். “ராசா, வாத்தியாருக்கு இருபத்து மூண்டு எடுத்துக் குடு” என்றார் ஆச்சி. அவன் என் முகத்தைப் பாராமலே இரண்டு கட்டுக்களை எடுத்து வைத்தான். உதிரியாக மூன்று கிழங்குகளை எடுத்து அவற்றின்மேல் வைத்தான். எண்ணக்கூட இல்லை.

நான் அவ்விடத்திலேயே நின்றேன். இரண்டு கட்டு, மூன்று உதிரி. இருபது, மூன்று. அவன் மணலில் எழுதியதும் அதுதானே? இருபதை 20 என்றெழுதி, அதனருகே மூன்றை எழுதினான். கேட்ட ஒழுங்கிலே, கண்ட பொருளின்படியே எழுதினான். அன்றிரவு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நம் முன்னோர் தமிழிலக்கத்திலே இருபத்து மூன்றை ௨௰௩ என எழுதினர். இரண்டு, பத்து, மூன்று. பத்துக்குத் தனிக் குறியிட்டு, சொல்லும் ஒழுங்கிலேயே எழுதினர். பண்டிதப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியும். முன்னோர் எழுதினால் அது மரபு. ஆறு வயதுப் பையன் எழுதினால் அது மொக்கு!

இடத்தினால் எண்ணின் மதிப்பு மாறும் என்ற முறை மனித இனம் நெடுங்காலம் முயன்று கண்டது. அதனை அவனுக்கு நான் கற்பித்திருக்க வேண்டும். அவன் கட்டிய கட்டுக்களையும் உதிரிகளையும் மணலிலே இரு கோட்டுக்குள் வைத்துக் காட்டியிருந்தால் ஒரு நாழிகையிலே விளங்கியிருக்கும். மறுநாள் ஆச்சியிடம் சென்று பையனை அனுப்பும்படி கேட்டேன். “விடுங்கோ வாத்தியார், அவன் வாறானில்லை, இஞ்சை எனக்கு உதவியா இருக்கிறான்” என்றார். 1996ஆம் ஆண்டு சித்திரை, வைகாசி மாதங்களிலே சனங்கள் மீண்டும் வலிகாமத்துக்குத் திரும்பினர். சிலர் வன்னிக்குப் போயினர். அவ்விருவரும் எங்கே போயினர் என்பதை நான் அறியேன். தேடினேன், காணவில்லை. மாமரத்தடி வகுப்பின் இடாப்பிலே அவன் பெயருக்கு நேரே நான் இட்ட வெறுமைக் குறிகள் மட்டும் நெடுநாள் என்னிடம் இருந்தன.

காணும் என்பது எது?

1990களின் இறுதியிலே இந்நாட்டில் வந்த கல்விச் சீர்திருத்தம், முதலிரண்டு ஆண்டுகளை முதன்மை நிலை ஒன்று என வகுத்து, விளையாட்டுக்கும் செயலுக்கும் உரிய இடம் கொடுத்தது. 1840இல் ஜெர்மனியிலே புரோபெல் என்பார் குழந்தைப் பள்ளிக்குச் ‘சிறுவர் தோட்டம்’ என்று பெயரிட்டதும் அந்நோக்கத்தினாலேயே. தோட்டத்திலே செடியை இழுத்து வளர்ப்பாரில்லை.

ஆதலால் கோயிலிலே என்னை வினாவிய தாய்க்கு இவ்வாறு விடை கூறுவேன். அம்மா, உங்கள் பிள்ளை ஏழு பூக் கேட்டால் ஏழிலே நிற்கட்டும். சாப்பிட வந்தவர்களை எண்ணி அத்தனை கோப்பை வைக்கட்டும். பத்துப் புளியங்கொட்டையை ஆறும் நான்குமாக, ஏழும் மூன்றுமாகப் பிரித்து விளையாடட்டும். ‘கடல்’ என்றால் ‘மடல்’ என்று சொல்லட்டும். தன் பெயரின் முதலெழுத்தைக் கடைப்பலகையிற் கண்டால் கை காட்டட்டும். நீங்கள் சொல்லும் கதையின் நடுவிலே ‘பிறகு?’ என்று கேட்கட்டும். பள்ளி வாயிலை மிதிக்க இவ்வளவும் காணும். நூறும் இருநூற்று நாற்பத்தேழும் தாமே வரும்.

பிள்ளைக்கு இவ்வளவு காணும். ஆசிரியனுக்கோ இன்னும் ஒன்று வேண்டும். பிள்ளை எழுதுவதைத் திருத்துமுன் அது ஏன் அவ்வாறு எழுதிற்று என்று ஒருகணம் நின்று பார்த்தல் வேண்டும். பயிற்சிக் கலாசாலையிலே எனக்கு முன்னால் அமரும் இளம் ஆசிரியர்களுக்கு, முதல் நாளன்று கரும்பலகையிலே 203 என்று எழுதி, “இதிலே பிள்ளை அறிந்தது யாது?” என்றே வினாவுகிறேன். பலர் ‘பிழை’ என்கின்றனர். இரண்டு கட்டும் மூன்று உதிரியும் அதிலே இருப்பதைக் கண்டு சொல்பவர் வரும்வரை நான் அதனை அழிப்பதில்லை.